மிஞ்சிய எலுமிச்சை வீணாகலாமா?

திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் வரும் கூட்டத்தை நம்பி, எலுமிச்சம்பழம் கூடுதலாக இறக்கும் வியாபாரிகள் உண்டு. மிஞ்சினால் பழம் வாடி முதல் முடங்கும். அதை வீட்டில் ஊறுகாயாக்கலாம்.

அழுகலைக் கழித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்கவும். கிலோ பழத்துக்கு 200 கிராம் உப்புச் சேர்த்து, பீங்கான் ஜாடியில் தினமும் குலுக்கவும். தோல் மெத்தென்றானதும் மிளகாய்த்தூள், வெந்தயத்தூள், பெருங்காயம் கலந்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெயை மேலே நிற்க ஊற்றவும்.

உப்பும் புளிப்பும்தான் ஊறுகாய்க்குக் காவல். உப்புக் குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மரக்காணம் உப்பளம் நம் மாவட்டத்திலேயே இருக்கையில் உப்புக்கு ஏன் கஞ்சத்தனம்? ரத்தக் கொதிப்புள்ளவர்கள் மட்டும் அளவோடு தொட்டுக்கொள்ளவும்.

கடையில் விற்க விரும்புவோர், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு ஜாடி கெட்டாலும் கடையின் பேர் கெடும்.