பன்றிக்குட்டியும் கொழுப்புணவும்

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தம்பின் வட்டாரத்தில், முன்னாளில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழத்தினின்று இருவகை எண்ணெய் கிடைக்கும்: சதையில் பிழிவது ஒன்று, கொட்டையினுள்ளிருக்கும் பருப்பில் பிழிவது மற்றொன்று. இவை கால்நடைத் தீவனத்திலும் சேர்க்கப்படுகின்றன. எண்ணெய் மலிந்த நாட்டில், அதனை மிகுதியாக ஊட்டினால் பன்றிக்குட்டி விரைந்து வளருமா என்பது ஆராயத்தக்கதாகும்.

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாச்சத்து 4 கலோரியே தரும். இயற்கையும் குட்டியைக் கொழுப்பால்தான் வளர்க்கிறது. தாய்ப்பன்றியின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு. பசுவின் பாலில் 4 பங்கு அளவே. பிறந்த குட்டியின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இராது. குளிர் தாங்கவும் வலுவில்லை. மூன்று வாரம் பாலுண்டதும் அது 15 பங்களவு உயர்ந்துவிடுகிறது.

இடர் நேர்வது பால்மறக்கச் செய்யும்போதுதான். பாலிலுள்ள கொழுப்பு நுண்துளிகளாகக் கலந்திருப்பதால் ஏறத்தாழ முழுதும் செரிக்கிறது. தீவனத்தில் ஊற்றிய எண்ணெய் அவ்வாறில்லை. அதைப் பித்தநீர் சிறு துளிகளாக்கவேண்டும். கணையநீரிலுள்ள நொதி பிளக்கவேண்டும். அந்நொதியோ பால் நின்றவுடன் குறைந்துபோய், ஓரிரு வாரங்கள் சென்றபின்பே மீள்கிறது. அதுவரை மிகுதியாக ஊட்டிய எண்ணெயில் ஒரு பங்கு செரிக்காமல் வீணாகும்.

எண்ணெயின் வகையையும் நோக்கவேண்டும். பருப்பெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். இதன் மூலக்கூறு குறுகியது. ஆதலால் எளிதில் செரிக்கும். ஒரு பகுதி நிணநீர்வழி சுற்றாமல் நேரே கல்லீரலை அடையும். சதையெண்ணெயில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலம் நீண்டது. இளங்குடலுக்கு அது கடினம்.

செரித்த கொழுப்பும் தானாகத் தசையாகிவிடாது. தசையைக் கட்டுவது புரதம். கொழுப்பு எரிபொருளாகி, புரதம் எரிந்துபோகாமல் காக்கும், அவ்வளவே. எண்ணெய் மிகுந்த தீவனத்தைப் பன்றி குறைவாகவே தின்னும். புரதத்தையும் அதற்கேற்பக் கூட்டாவிடில் தசைக்குரிய பொருள் குறைந்து, உடல் கொழுக்குமேயன்றி வளராது.

எனவே பால்மறந்த முதல் இரு வாரங்களில் எண்ணெயை அளவாகச் சேர்த்து, குடல் வலுப்பெற்றபின் புரதத்துடன் கூட்டுவதே முறை. மலிவாகக் கிடைக்கிறதென்று முதல்நாளே அள்ளி ஊற்றுவோருக்கு எண்ணெயும் நட்டம், குட்டியும் நட்டம்.