தோற்ற ஆட்டம் தந்த தொடக்கம்

1855ஆம் ஆண்டு கல்கத்தாவில், ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனை எதிர்த்து மகேசு சந்திர பானர்ஜி கறுப்புக் காய்களுடன் சதுரங்கம் ஆடினார். முதலில் அரசன் பக்கக் குதிரை. அடுத்து அக்குதிரைக்குரிய சிப்பாய் ஒரு கட்டம். மூன்றாவதாக அரசிமுன் சிப்பாய் இரு கட்டம். பின்னர் மூலைவிட்டத்தில் மந்திரி. நடுக்களத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவிலிருந்து தாக்குவதே இம்முறையின் உட்பொருள்.

18ஆம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டி அரணை உடைத்தது, பானர்ஜி தோற்றார். எனினும், 1922இல் ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் இதே தொடக்கத்தைக் கையாண்டார். உலகம் அதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆட்டக்குறிப்பு எஞ்சியதாலன்றோ பானர்ஜியின் முன்னுரிமையை நாம் அறிகிறோம்! பொருநைக்கரைப் போட்டிகளில் ஆடும் மாணவமணிகளே, வென்ற ஆட்டத்தை மட்டுமன்று, தோற்ற ஆட்டத்தையும் எழுதி வையுங்கள்.