காட்டைக் காணியாக்கிய தாய்மார்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய மண்ணில் வேரூன்றுவது எதனால்? காணி கிடைத்ததால் என்போம். நிவாரணம் கிடைத்ததால் என்போம். வீட்டையும் பயிரையும் ஒருங்கே தாங்கிய தாயை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. இம்முறை அவளைப் பற்றிச் சிந்திப்போம்.

மலையிலிருந்து வன்னிக்கு

அம்பிட்டியவுக்குத் தெற்கே உள்ள மலைகளில் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் அங்கேதான் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். இத்தகைய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த மக்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1977 ஆகஸ்ட் வன்செயலில் தோட்ட மக்களும் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குச் சென்றன. காந்தியம் இயக்கம் அவர்களிற் பலரைக் குடியமர்த்தத் துணை நின்றது.

அங்கே தாய்க்கு எல்லாமே புதிது. குளிர் மலையில் கொழுந்து பறித்துப் பழகிய கை, வெயிலில் மண்வெட்டி பிடித்தது. தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. இங்கே மரக்கிளையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டுத்தான் பற்றை வெட்ட வேண்டும். தோட்டத்தில் சம்பள நாள் என்று ஒன்று இருந்தது. இங்கே அறுவடை வரை கடன். மழை பிந்தினால் அதுவும் இல்லை. மலேரியாக் காய்ச்சலில் பிள்ளை கிடக்க, இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல். வீட்டில் பசி இருந்தபோதும், அடுத்த போகத்துக்கான உழுந்தையும் பயற்றையும் பானையில் பத்திரப்படுத்தியவள் அவளே.

பின்னர் போர் அந்தக் காணிகளிலிருந்தும் மக்களைத் துரத்தியது. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தோருள் கணவனை இழந்த தாய்மார் பலர். திரும்பி வந்து தனித்து நின்று வளவைத் துப்புரவாக்கியவர்களும் அவர்களே.

கடல் கடந்த சகோதரிகள்

உலகின் மறுகோடியிலும் இதே கதை உண்டு. மெனோனைட் என்போர் ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவச் சமூகத்தினர். உக்ரேன் நாட்டில் தலைமுறைகளாகக் கமம் செய்தனர். 1930களின் இறுதியில் ஸ்டாலின் ஆட்சி அவர்களுடைய ஆண்கள் பலரைக் கைது செய்து கொண்டுபோயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் பிள்ளைகளோடு மேற்கே தப்பியோடினர். 1947இல் அவர்களில் ஒரு பகுதியினர் தென்னமெரிக்காவின் பரகுவே நாட்டில், சாக்கோ என்னும் வறண்ட காட்டில் நொய்லாண்ட் குடியேற்றத்தை அமைத்தனர். அதில் ஒரு கிராமத்தில் ஆண்கள் மிகச் சிலரே. ‘பெண்கள் கிராமம்’ என்றே அதை அழைத்தனர். காடு வெட்டியதும், கிணறு தோண்டியதும், குடிசை கட்டியதும் அந்தத் தாய்மாரே.

பத்திரத்தில் யார் பெயர்?

உழைத்தவள் அவள். ஆனால் காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயரிலேயே எழுதப்பட்டது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத இடத்தில் பிள்ளைகளுள் மகன்மாருக்கே முதலிடம். 2022இல் செய்யப்பட்ட திருத்தம்தான் இந்த வேறுபாட்டை நீக்கியது.

விவிலியத்தில் எண்ணிக்கை நூலைப் பாருங்கள். தந்தையை இழந்த செலொபுகாதின் ஐந்து புதல்வியர், மோசேயின் முன் நின்று தமக்குக் காணி கேட்டனர். அவர்கள் கேட்பது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்பளித்தார்.

ஆகவே, வாசகர்களே, சட்டம் மாறியது போதாது. நம் வீட்டுப் பத்திரமும் மாற வேண்டும். உங்கள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா? இல்லையேல், கணவனும் மனைவியும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். தொலைந்துபோன விவாக, பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளைக் காலம் தாழ்த்தாமல் எடுத்து வையுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். காட்டைக் காணியாக்கிய தாய் தன் காணிக்காக யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது.