நாற்று நட்டால் நிறம் வரும்
தீக்காயத்தால் வெளுத்துப்போன தோலுக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கிறது. அவசரம் மட்டும் கூடாது.

செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடா, ரயில்வே குடும்பங்களின் பேட்டை. நிஜாம் காலத்தில், 1893ல் தொடங்கிய ரயில் பெட்டிப் பணிமனை அங்கேதான் இருக்கிறது. தென்மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் அங்கேதான். வெல்டிங் பொறி, பழுக்கக் காய்ந்த இரும்பு என்று இதுபோன்ற பணிமனைகளில் தீக்காயத்துக்குக் காரணங்கள் பல. வீட்டிலோ கொதிக்கும் எண்ணெயும் அடுப்பும் போதும். காயம் எப்படியும் ஆறிவிடும். ஆறிய இடம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து நின்றுவிட்டால் அடுத்த துன்பம் ஆரம்பம்.

இந்த வெள்ளைத் திட்டு தொற்றாது, பரவாது. ஆனால் பார்ப்பவர்கள் ‘வெண்குஷ்டம்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குஷ்டரோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாரிடம் போய் விளக்குவது? பெண் பார்க்க வந்தவர்களிடம் விளக்கும் முன்பே பேச்சு முறிந்துவிடுகிறது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்கள் மேல்தோலின் அடிவரிசையிலும் ரோமக்கால்களிலும் இருக்கின்றன. காயம் மேலோட்டமானது என்றால் ரோமக்கால்களில் தப்பிய செல்கள் மேலேறி வந்து நிறத்தை மீட்டுவிடும். ஆழமான காயத்தில் ரோமக்கால்களும் வெந்துவிடுகின்றன. அதன்பிறகு எந்தக் களிம்பைத் தடவியும் பயனில்லை. தூண்டிவிட அங்கே செல்லே இல்லை. வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து நடுவதுதான் வழி.

நடுவது புதிய யோசனை அல்ல. டெல்லி தோல் மருத்துவர் பி.என். பெஹல் 1964லேயே வெண்புள்ளி நோயாளிகளுக்கு மெல்லிய தோல் ஒட்டு வைத்தது பற்றி எழுதினார். கொலம்பியாவின் ரஃபேல் ஃபலபெல்லா 1978ல் சின்னஞ்சிறு ஒட்டுகளைப் பயன்படுத்தும் முறையை விவரித்தார். 1990களில் இந்திய மருத்துவர்கள் பலரும் இதைக் கையாண்டார்கள்.

முறை, நாற்று நடவு போன்றதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, தொடையிலிருந்தோ புட்டத்திலிருந்தோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் தோல் துண்டுகளைத் துளைத்து எடுக்கிறார்கள். வெளுத்த இடத்தில் இடைவெளி விட்டுத் துளையிட்டு அவற்றைப் பதித்துக் கட்டுப் போடுகிறார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு துண்டையும் சுற்றி நிறம் படரத் தொடங்குகிறது. திட்டுகள் ஒன்றோடொன்று சேரச் சில மாதங்கள் ஆகும்.

வேறு முறைகளும் உண்டு. நல்ல தோலில் உறிஞ்சு கருவியால் கொப்புளம் எழுப்பி அதன் மேல்பகுதியை மட்டும் எடுத்து ஒட்டலாம். இதற்குச் சாதாரண சிரிஞ்சையே பயன்படுத்தியிருக்கிறார்கள் நம் டாக்டர்கள். சிறு துண்டுத் தோலைக் கரைசலில் ஊறவைத்து, செல்களைப் பிரித்துப் பூசுவது இன்னொரு வழி. இதில் எடுக்கும் தோலைப் போலப் பத்து மடங்கு பரப்பை மூடலாம்.

வெண்புள்ளி நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே நிற செல்களை அழிக்கிறது. நட்ட பயிரையும் அது மேய்ந்துவிடக்கூடும். தீக்காயத்தில் அந்தப் பயம் இல்லை. எதிரி வந்தான், எரித்தான், போய்விட்டான். எனவே நட்டது பிழைத்தால், திரும்ப வெளுக்கும் ஆபத்து குறைவு.

சிக்கல், நிலத்தில் இருக்கிறது. இறுகிய தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. நிறமும் லேசில் படராது. தழும்பின் மேல்பரப்பைத் தேய்த்தெடுத்த பிறகே பல சமயம் ஒட்ட வேண்டியிருக்கிறது. தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு, தோல் எடுத்த இடத்திலும் புதுத் தழும்பு எழும் அபாயம் உண்டு. துண்டுகள் மேடாக நின்று கூழாங்கல் பரப்பியது போலத் தெரிவதும், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்துப் போவதும் உண்டு. பழைய தோல் அப்படியே திரும்பிவிடும் என்று எந்த டாக்டரும் வாக்குத் தர முடியாது.

சட்டைக் கையை மடித்துவிட்டு நாலு பேர் நடுவே நிற்க முடிந்தால் போதும் என்பவர்களுக்கு, அதற்கான வழி இருக்கிறது.