உங்களுக்குத் தெரியுமா? – இந்த வாரம் டிரம்ஸ்காரர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் திருவிழா வந்தால் ராத்திரி பாட்டுக் கச்சேரியும் வரும். பாடகருக்குப் பொன்னாடை, கீபோர்டுக்காரருக்குக் கைதட்டல். பின்னால் உட்கார்ந்து வேர்த்து ஊற்ற அடித்துக்கொண்டிருப்பவரை யார் பார்க்கிறார்கள்? இந்த வாரம் அவருக்குத்தான்.

★ டிரம்ஸ் செட்டில் மஞ்சளாக மின்னும் சிம்பல் தட்டுகளுக்குப் பேர்போன கம்பெனி ஸில்ஜியன். 1623இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனியர் ஒருவர் தொடங்கிய பட்டறை அது. அதற்குப் பத்தாண்டு முன்னால்தான் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. பட்டறை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து இன்றும் தட்டு வார்க்கிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் என்பதால் உப்புக் காற்று பட்டால் பச்சை பூக்கும். கடற்கரையில் வாசிப்பவர்கள் கச்சேரி முடிந்த கையோடு துடைத்து உறையில் போடுவது நல்லது.

★ ஈரக் காற்றில் தோல் தொய்யும். பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவது அதனால்தான். டிரம்ஸிலும் முன்பு கன்றுத்தோல்தான். மழைக்காலத்தில் அதே தலைவலி. 1957இல் ரெமோ பெல்லி என்ற அமெரிக்க டிரம்மர் மைலார் என்னும் பாலியெஸ்டர் படலத்தை இழுத்துக் கட்டி விற்கத் தொடங்கினார். இன்று ஏரிக்கரை மேடையில் மார்கழிப் பனியிலும் சுருதி இறங்காமல் வாசிக்க முடிவது அவர் புண்ணியம்.

★ பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் சரியான வடிவத்துக்கு வந்தது 1909இல், லுட்விக் சகோதரர்கள் கையில். அது பரவியதும் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பார்க்கத் தொடங்கினார். சம்பளம் இரட்டிப்பானதாகத் தகவல் இல்லை!

★ உலகம் கொண்டாடிய பீட்டில்ஸ் குழுவிலேயே டிரம்மர் கோபித்துக்கொண்டு போனது தெரியுமா? 1968 ஆகஸ்டில், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, தன்னை ஒதுக்குகிறார்கள் என்று மனம் நொந்து ரிங்கோ ஸ்டார் கிளம்பிவிட்டார். போன இடம் இத்தாலியின் சார்டீனியா தீவு. ஏறிய படகு நடிகர் பீட்டர் செல்லர்ஸுடையது. சாப்பாட்டுக்கு மீன் கேட்டவருக்குத் தட்டில் வந்தது கணவாய். நம் குப்பத்துக்காரர் என்றால் 'அடிச்சது யோகம்' என்று உட்கார்ந்திருப்பார். ரிங்கோ அதுவரை அதைத் தின்றதில்லை. அப்புறம் படகின் கேப்டன் பேய்க்கணவாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: கடலடியில் கல்லும் மினுக்கும் பொருளுமாகப் பொறுக்கிவந்து தன் பொந்துக்கு முன்னால் தோட்டம்போல அடுக்கிவைக்குமாம். அந்தக் கதையிலிருந்து ரிங்கோ எழுதிய பாட்டுதான் 1969இல் 'அபே ரோடு' தொகுப்பில் வந்த 'ஆக்டோபஸ்ஸஸ் கார்டன்'. அவர் இல்லாத நாட்களில் பால் மெக்கார்ட்னியே டிரம்ஸ் வாசித்துச் சமாளித்தார். திரும்பி வந்தபோது ரிங்கோவின் டிரம்ஸ் செட் முழுக்கப் பூ அலங்காரம்!

★ இளையராஜா பாடல்களில் டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் கோடிப் பேர். அதைப் பல்லாண்டுகள் வாசித்த புருஷோத்தமனை, அவர் 2020இல் மறைந்தபோதுதான் பலர் பெயர் சொல்லித் தேடினார்கள். ரேடியோவில் பாடலாசிரியர் பெயர் வரும், பாடகர் பெயர் வரும். வாத்தியக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கம் நமக்குக் கடைசிவரை வரவே இல்லை.

★ பின்வரிசையிலிருந்து எழுந்து மேடை விளிம்புக்கே வந்தவர் சிவமணி. 1959இல் சென்னையில் பிறந்தவர். அப்பா எஸ்.எம். ஆனந்தனும் தாள வாத்தியக்காரர். ஏழு வயதில் குச்சியைப் பிடித்த பிள்ளை, பதின்வயதைத் தொடும்போதே தொழிலுக்கு வந்துவிட்டார். கே.வி. மகாதேவனிடம் வாசித்தார், எஸ்.பி. பாலசுப்ரமணியம் கைகொடுத்து ஏற்றிவிட்டார். ஏ.ஆர். ரகுமான் பிரபலமாவதற்கு முன்பே, 'ரூட்ஸ்' என்ற இசைக்குழுவில் இருவரும் கூட்டாளிகள். 1990இல் மும்பை ரங் பவனில், தான் ஆதர்சமாகக் கொண்டிருந்த பில்லி கோபாமுடன் ஒரே மேடை. சூட்கேஸ், தண்ணீர் கேன், வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பார். வேடிக்கை என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தச் சுளிப்பு நிற்காது. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காகவும் அடித்தார். 'அரிமா நம்பி' (2014), 'கணிதன்' (2016) படங்களுக்கு இசையமைப்பாளரும் அவரே. 2019இல் பத்மஸ்ரீ.

★ ஏரிக்குத் தெற்கே, வடசென்னையில் கானாவோடு பிறந்து வளர்ந்தது சட்டி. அதுவும் சூடேற்றி அடிக்கும் வாத்தியம்தான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, சட்டியையும் பறையையும் மேற்கத்திய டிரம்ஸோடு ஒரே மேடையில் ஏற்றியது. சாவு வீட்டு வாத்தியம் என்று தள்ளியவர்கள் டிக்கெட் பாஸ் கேட்டு வந்தார்கள் என்றால் மகிழ்ச்சிதான்.

★ 1985இல் ரோலண்ட் கம்பெனி 'ஆக்டோபேட்' விற்பனைக்குக் கொண்டுவந்தது. எட்டுக் கட்டம்; தவில், உருமி, டிரம்ஸ் எதுவேண்டுமானாலும் ஒலிக்கும். முழு டிரம்ஸ் செட்டுக்கு ஒரு குட்டி யானை வண்டி பிடிக்க வேண்டும். இதை பைக்கில் மடியில் வைத்துக்கொண்டே குப்பம்வரை வந்துவிடலாம். பல மெல்லிசைக் குழுக்கள் இப்போது இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரே சிக்கல்: கரன்ட் போனால் பேட் ஊமை. அந்நேரம் பழைய டிரம்ஸ்காரர் கூட்டத்தில் இருந்தால் அவர் முகத்தைப் பாருங்கள்.