வால்வு ஒலிவாங்கியும் நம் ஊர்க் கடற்காற்றும்

நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் நம்மில் பலர் வீட்டிலும் உள்ளனர். ஒரு முறை பாடியதை மறுமுறை அப்படியே பாடமாட்டார்கள். அவர்கள் குரலை வீட்டிலேயே பதிய விரும்புவோர் வால்வு ஒலிவாங்கியை நாடுவது உண்டு.

1949-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் வெளியிட்ட யூ 47 இவ்வகையில் புகழ் பெற்றது. அதன் விலை நம் கைக்கு எட்டாது; மலிவான சீனத் தயாரிப்புகளிலும் தத்துவம் அதுவே. மெல்லிய சவ்வு ஒலிக்கு அதிரும்போது மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் பிறக்கிறது. நீண்ட கம்பியில் நேரே அனுப்பினால் அது தேய்ந்துவிடும். வால்வு அதைச் சிந்தாமல் வாங்கிக் கம்பிக்குக் கொடுக்கிறது.

மலிவானவை பலவற்றில் 12ஏஎக்ஸ்7 வால்வு இருக்கும். பெருக்கக் காரணி 100. தெருக்கூத்துக் கலைஞரின் உரத்த குரலுக்கு இது கரகரக்கக்கூடும். அதே சாக்கெட்டில் பொருந்தும் 12ஏஒய்7-இன் காரணி ஏறத்தாழ 44. சுற்றுப்படத்தைப் பார்த்து, தேவையானால் எதிர்மின்வாய் மின்தடையையும் மாற்ற வேண்டும்.

ஆனால் புதுச்சேரியில் முதல் எதிரி வால்வு அன்று, ஈரம். கிரிட்டை ஒட்டிய மின்தடை 100 கோடி ஓம் வரை இருக்கும். அங்கே விரல் வியர்வையும் ஈரக் காற்றும் படிந்தால் மின்னூட்டம் கசிந்து 'படபட'வென இரைச்சல் எழும். அவ்விடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். சவ்வைத் தொடவே கூடாது. பதிவு முடிந்ததும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைப்பது, புது வால்வைவிட அதிகப் பலன் தரும்.

100 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கருவி இது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் நிற்கும். ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு திறப்பதே நலம். இவ்வளவு பேணுதல் இயலாதவர்க்கு, ஈரத்தைப் பொறுக்கும் டைனமிக் ஒலிவாங்கியே போதும்; அதைப் பாட்டியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால் சரி.