ரீல்ஸில் அழகு... ரஃப் ரோட்டில் எப்படி? சின்ன கேம்பர் வேன் தேர்வு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

பின்கதவைத் திறந்தால் பனிமலை. மெத்தையில் உட்கார்ந்தபடி ஒரு கையில் காபி, மறு கையில் லேப்டாப். இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டு, 'நாமளும் ஒரு வேன் வாங்கி மாத்திடலாமா?' என்று யோசிக்காத ஐடி ஊழியர்கள் இன்று குறைவு. ஹோட்டல் புக்கிங் கிடையாது, செக்-அவுட் டைம் கிடையாது, போகிற இடமெல்லாம் வீடு. கேட்கவே நன்றாக இருக்கிறது.

ஆனால், அந்த ரீல்ஸில் காட்டாத ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த சாலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ, மணாலி-லே சாலையோ, ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் கற்கள் நிறைந்த பாதையோ, அங்கே வண்டிக்குள் இருக்கும் காபி மெஷினை யாரும் மதிக்கப் போவதில்லை. வண்டியின் எடை, உயரம், டயர் இவைதான் பேசும்.

'அண்ணே, இந்த வண்டியில லடாக் போகலாமா?' என்று அனுபவமுள்ள மெக்கானிக் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: 'போகலாம் தம்பி, உள்ள எவ்ளோ வெயிட் ஏத்தப் போற?' மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் கணக்கு: எடை

ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, காலி வண்டியின் எடை. இன்னொன்று, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் செலவழிக்கக்கூடிய 'எடை பட்ஜெட்'.

உதாரணத்துக்கு, மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 800 கிலோ. இனி செலவைப் பாருங்கள். இரண்டு பேர் 140 கிலோ. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. 18 மி.மீ. தடிமன் கொண்ட 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ. கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஐந்து ஷீட் போனால் 175 கிலோ. மெத்தை, துணிமணி 50 கிலோ. ஃப்ரிட்ஜ், அடுப்பு, பாத்திரம் 40 கிலோ. இரண்டு லித்தியம் பேட்டரி 25 கிலோ. கூரையில் கேரியர், சோலார் பேனல், நிழல்துணி 60 கிலோ. கூடுதல் ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, டூல்ஸ் 50 கிலோ. கூட்டினால் 600 கிலோ வந்துவிடுகிறது. இத்தனைக்கும் டாய்லெட், ஷவர், ஏசி எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இதே சாமான்களை 500 கிலோ மட்டுமே தாங்கக்கூடிய வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? நான்குவழிச் சாலையில் பெரிதாகத் தெரியாது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடாகும், பள்ளத்தில் விழும்போது லீஃப் ஸ்பிரிங் உடையும், கூரான கல்லில் டயர் வெடிக்கும். கரடுமுரடான சாலையில் ஏற்படும் பழுதுகளில் பலவற்றுக்கு மூலகாரணம் அதிக எடைதான்.

தீர்வு எளிது. 18 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 12 மி.மீ. போட்டாலே ஐந்து ஷீட்டில் கிட்டத்தட்ட 60 கிலோ மிச்சம். வேலை முடிந்ததும் தண்ணீர் டேங்கை நிரப்பி, ஆட்களும் உட்கார்ந்து, ஊரில் உள்ள எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை. சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சோதனை. பெரிய செலவைத் தடுத்துவிடும்.

எடை எங்கே இருக்கிறது?

எவ்வளவு எடை என்பதைப் போலவே, எந்த உயரத்தில் எடை என்பதும் முக்கியம். கூரையில் 100 கிலோ ஏற்றினால், ஒரு பக்கம் சாய்ந்த மண் பாதையில் வண்டி கவிழும் அபாயம் கூடும். தண்ணீர் டேங்க், பேட்டரி போன்ற கனமானவை தரைமட்டத்தில், முன், பின் அச்சுகளுக்கு நடுவில் இருப்பது நல்லது. டேங்க் இடப்பக்கம் என்றால் பேட்டரியை வலப்பக்கம் வைக்கலாம்.

பாதி நிரம்பிய பெரிய டேங்க்கில் தண்ணீர் அலையடித்து வளைவுகளில் வண்டியை ஆட்டும். ஒரு பெரிய டேங்க்கைவிட 20 லிட்டர் கேன் மூன்று வைப்பது பல வகையில் வசதி. ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டில் தண்ணீர் இருக்கும்.

எந்த வண்டி?

'ஃபோர் வீல் டிரைவ் இருந்தா போதும் ப்ரோ' என்பது பாதி உண்மை. இந்தியாவில் கிடைக்கும் வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, பெரிய வேன். ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் போன்றவை. உள்ளே இடம் தாராளம். டிராவலரில் இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. விங்கரில் முன் சக்கரங்களுக்கு. பின்பக்கம் சுமை ஏறும்போது ஈரமான ஏற்றத்தில் முன் சக்கரங்களின் பிடி குறையும் என்பதால், மண் சாலை அதிகம் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டுமே தார்ச் சாலைக்கும் சுமாரான கிராமச் சாலைக்கும் பொருத்தம். ஆற்றைக் கடக்கும் வேலை இவற்றுக்கு இல்லை.

இரண்டாவது, சின்ன வேன். மாருதி ஈகோ இதற்கு நல்ல உதாரணம். நீளம் 3,675 மி.மீ. மட்டுமே. பின் சக்கர இயக்கம், ஊருக்கு ஊர் மெக்கானிக், மலிவான ஸ்பேர்ஸ். ஒருவரோ இருவரோ மடக்குக் கட்டில் போட்டுத் தூங்கலாம். ஆனால், தரை இடைவெளியும் இன்ஜின் சக்தியும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஓகே, உயரமான இமயமலைக் கணவாய்களுக்கு யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, நிஜமான ஆஃப்ரோடு வண்டி. ஃபோர்ஸ் கூர்க்காவின் தரை இடைவெளி 233 மி.மீ., 700 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் திறன், முன்னும் பின்னும் லாக் செய்யக்கூடிய டிஃபரன்ஷியல் உண்டு. மாருதி ஜிம்னியில் 210 மி.மீ. இடைவெளியும், மெதுவாக ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும் இருக்கின்றன. ஆனால் 4 மீட்டருக்கும் குறைவான நீளத்தில் ஆறடி மனிதர் கால் நீட்டுவதே சவால். இசுஸு வி-கிராஸ் போன்ற பிக்-அப்பில் பின்னால் சாமான், மேலே கூடாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தூங்குவதற்கு வெளியே ஏணி ஏற வேண்டும் என்பது மழை நாளில்தான் உறைக்கும்.

இன்னொரு அளவையும் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது? அது நீளமாக இருந்தால், ஓடையில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்கும். அடியில் தொங்கும் கழிவுநீர் டேங்க்தான் முதலில் உடையும்.

உயரம் ஏறினால் என்ன ஆகும்?

மணாலி-லே சாலை சுமார் 430 கி.மீ. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தங் கணவாயைத் தவிர்க்க உதவுகிறது. அதற்குப் பிறகும் பாரலாச்சா லா, சுமார் 5,300 மீட்டர் உயரத் தங்லாங் லா எல்லாம் ஏறித்தான் ஆக வேண்டும்.

5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஏற்கெனவே 600 கிலோ ஏற்றிய சின்ன வேன், முதல் கியரில் திணறுவது இதனால்தான். டர்போ டீசல் இன்ஜின் இங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஸ்பிட்டி போகும் கிராம்ஃபூ-பட்டால் பாதையில் பனி உருகி வரும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிய பிறகு பிற்பகலில் பொங்கி வரும். அதனால்தான் அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

கரன்ட் கணக்கு

12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 500 வாட்-அவர் எடுக்கும். ஃபேன் 160, விளக்கு 50, லேப்டாப், போன் 180. மொத்தம் 900-ஐத் தொடும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-அவர் இருக்கிறது. அதில் 80 சதவீதம் பயன்படுத்தினால் ஒரு நாளை ஓட்டலாம். கூரையில் 200 வாட் சோலார் பேனல் இருந்தால், நல்ல வெயில் நாளில் செலவில் பெரும்பகுதியைத் திரும்ப நிரப்பிவிடும்.

'ஏசி இருக்குமா?' என்றால், ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்திலேயே அந்த பேட்டரியைக் காலி செய்துவிடும். மலைக்குப் போகிறவர்களுக்கு ஏசி தேவையில்லை. நல்ல ஜன்னல் வலையும் ஃபேனும் போதும். குளிர் ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எனவே, அதை வண்டிக்கு வெளியே மாட்டாமல் உள்ளே வைப்பதே சரி.

உயிர் போகிற விஷயம்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே பரவிய கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்பது விசாரணையில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலேயே போய்விடுவார்.

2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் காஸ் சிலிண்டர்தான் அதற்குக் காரணம். கேம்பர் வேன் அந்தப் பெட்டியைவிட இன்னும் சின்ன இடம்.

ஆகவே, இந்த நான்கும் கட்டாயம்:

- சமையல் வண்டிக்கு வெளியே, அல்லது கதவு முழுவதும் திறந்த நிலையில்.
- குளிர் காய அடுப்போ கரியோ உள்ளே பற்றவைக்கவே கூடாது.
- தூங்கும்போது ஜெனரேட்டரோ, நின்ற இடத்தில் வண்டி இன்ஜினோ ஓடக் கூடாது.
- தலைமாட்டு உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம், கதவருகே தீயணைப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் கோட்டைவிடும் இடம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தர விதி உள்ளது. அதன்படி ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் மாற்றி, ஆர்சி புத்தகத்தில் அந்த வகையிலேயே பதிவு செய்வது ஒரு வழி. சீட்டைக் கழற்றாமல், கூரையை வெட்டாமல், எடுத்து வைக்கக்கூடிய மடக்குக் கட்டில், பெட்டி அடுப்பு, கையடக்க பேட்டரி ஆகியவற்றோடு பயணிப்பது இன்னொரு வழி. எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நேரத்தில் க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

லைசென்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரையிலான வண்டிகள் இலகுரக வாகனப் பிரிவில்தான் வருகின்றன.

வாங்கும் முன் இரண்டு இரவு

பத்து லட்சத்தைக் கடந்து செலவு செய்யும் முன், முறையான பெர்மிட் உள்ள கேரவன் ஒன்றை இரண்டு இரவு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கிய கேரளா பக்கத்திலேயே இருக்கிறது. மழையில் கதவை மூடிக்கொண்டு இரண்டு பேர் நாள் முழுக்க உள்ளே இருக்க முடிகிறதா? ராத்திரி பாத்ரூமுக்கு என்ன செய்கிறீர்கள்? குண்டும் குழியுமான சாலையில் 50 கி.மீ. போன பிறகு எந்தக் கதவு தானாகத் திறக்கிறது, எந்த ஸ்க்ரூ கழன்று விழுகிறது? எல்லாவற்றையும் போனில் குறித்து வையுங்கள்.

அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போகப் போகிற சாலைக்கு ஏற்ற வண்டியை முதலில் தேர்வு செய்யுங்கள். மிச்சமிருக்கும் எடையில் எவ்வளவு வீடு கட்ட முடியுமோ, அவ்வளவு கட்டினால் போதும். காபி மெஷினுக்கு இடமில்லை என்றால் என்ன, வழியில் டீக்கடை இல்லாத மலைச்சாலை எங்கே இருக்கிறது?